விசுவாசம் என்ற ஒரு சொல் பறித்த எட்டு மாதம்

தேர்வு முடிவு சென்ற வாரம் வந்தது. மூன்று தாள்கள் முதல் முறையிலேயே தேறியிருந்தன. அமெரிக்கக் கிறிஸ்தவமும் விளையாட்டும் என்ற நான்காம் தாள் மட்டும் என்னை எட்டு மாதம் அலைக்கழித்துவிட்டு, இப்போதுதான் வாய்மொழித் தேர்வோடு சேர்ந்து கழிந்தது. இதே தாளை எடுத்துக் காம்ப்ஸ் என்னும் விரிவான தகுதித் தேர்வுக்குத் தயாராகும் தமிழ் மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். நேரக் கணக்கு, வாசிப்புப் பட்டியல், மேற்கோள் நடை ஆகியவை கையேட்டில் இருப்பதால் அவற்றைத் தொடப்போவதில்லை. நான் விழுந்த குழியைச் சொல்வதே என் நோக்கம்.

முதல் முறை வந்த கேள்வி, யூசிஎல்ஏ என்ற லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடனின் வெற்றிப் பிரமிடை, அதாவது வெற்றிக்கு வேண்டிய குணங்களைக் கற்களாக அடுக்கிக் காட்டும் படத்தை, கிறிஸ்தவ ஒழுக்க மரபோடு வைத்து ஆராயும்படி கேட்டது. வினாத்தாளைப் பார்த்தவுடன் மனத்துக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆறு மாதமாக அந்த மனிதரைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். மடமடவென்று ஒன்பது பக்கம் எழுதினேன். பிரமிடின் அடிவரிசையில், நட்டநடுவில், வூடன் விசுவாசத்தை வைத்தார் என்று தொடங்கி, கன்மலையின்மேல் கட்டின வீட்டின் உவமையை இரண்டு பக்கத்துக்கு விரித்து, அங்கிருந்து அவருடைய அணி வென்ற பத்துத் தேசியப் பட்டங்களுக்கு ஏறினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில், இது நல்ல பிரசங்கம், விடையைக் காணவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது.

அடிவரிசையின் நடுவில் விசுவாசம் இல்லை. அங்கே இருப்பது லாயல்டி. நான் குறிப்புகளைத் தமிழில் எடுக்கிறவன். லாயல்டி என்பதற்கு நேரே, நாய்க்கும் வேலைக்காரனுக்கும் நாம் சொல்லும் அதே பொருளில், விசுவாசம் என்று எழுதி வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் புரட்டியபோது, சபையில் வளர்ந்த என் கண் அதை வேறு எப்படி வாசிக்கும்? ஃபெய்த், அதாவது தேவன்மேல் வைக்கும் விசுவாசம், என்று வாசித்தது, தேர்வில் அப்படியே ஆங்கிலத்தில் எழுதியது. வூடனின் பிரமிடில் ஃபெய்த் ஒரு கல்லே அன்று. பதினைந்து கற்களுக்கு வெளியே, உச்சியின் இரு பக்கமும், பொறுமையும் ஃபெய்த்தும் நிற்கின்றன. சரிவுகளில் உள்ள மற்றக் குணங்களோடு சேர்த்து அவற்றை அவர் கற்களைப் பிணைக்கும் சாந்து என்றே கருதினார். கல்லையும் சாந்தையும் மாற்றி வைத்தவனுக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று தேர்வாளர் நினைத்ததில் தவறில்லை. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது என்பது வேறு கதை.

ஆகவே என் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் ஒன்றே: கலைச்சொல்லைத் தமிழில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். விசுவாசம், கிருபை, ஒழுக்கம், சாட்சி போன்ற சொற்கள் நம் காதில் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், வேறொரு சொல்லுக்கு அவற்றில் இடமிருப்பதில்லை. மூலச் சொல்லை அதன் ஒலியோடு எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருளை ஒரு வாக்கியமாக விரித்து எழுதுங்கள். லாயல்டி: தன்னிடமும் தன்னை நம்பியவர்களிடமும் மாறாமல் நிற்பது. இவ்வளவு எழுதியிருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

சொல் மட்டுமே குற்றவாளி என்று தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. நான் தியானத்துக்கு வாசிக்கும் முறையிலேயே தேர்வுக்கும் வாசித்தேன். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறியதில்லை. ஒரு வசனம், அதற்கு ஒரு சம்பவம், பிறகு ஜெபம் என்ற வரிசை சிறு வயதிலிருந்து கையில் படிந்திருக்கிறது. வூடனைப் பற்றிக் கிறிஸ்தவ வாசகர்களுக்காக எழுதப்படும் தினதியானங்களும் அதே வரிசையில்தான் வருகின்றன: ஒரு வேதபகுதி, ஓர் ஆட்டத்திலிருந்தோ பயிற்சியிலிருந்தோ ஒரு நிகழ்ச்சி, கடைசியில் நமக்கொரு பாடம். காலை ஐந்து மணிக்கு அப்படி வாசிப்பது ஆத்துமாவுக்கு நல்லது, இன்றும் வாசிக்கிறேன். ஆனால் தியான வாசிப்பு எல்லாவற்றையும் பொருந்தச் செய்கிறது. தேர்வு எது பொருந்தவில்லை என்று கேட்கிறது.

இண்டியானாபொலிஸ் நகர மையத்தில் வூடனின் சிலை ஒன்று இருக்கிறது. அவர் மண்டியிட்டிருக்கிறார், சுற்றிலும் ஐந்து ஆட்டக்காரர்களின் கால்கள் மட்டும் நிற்கின்றன, உடல்கள் கிடையாது. முதல் முறை பார்த்தபோது, ஜெபிக்கும் மனிதர் என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். தேர்வில் தோற்றபின் மறுபடி போய்ப் பார்த்தேன். ஆட்டத்தின் இடைவேளையில் வீரர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் அவர். முழங்கால் மண்ணில் பட்டதும் ஜெபம் என்று முடிவு கட்டியது என் அவசரம்.

இரண்டாம் முறை செய்தது இது. காலை வாசிப்பையும் மாலை வாசிப்பையும் பிரித்தேன். வெவ்வேறு நாற்காலி, வெவ்வேறு நோட்டு. காலையில் பேனா தொடமாட்டேன். மாலையில் மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. இந்த அட்டையை வூடனிடமிருந்தேதான் எடுத்தேன். இரண்டு மணி நேரப் பயிற்சியைத் திட்டமிட அவர் காலையில் உதவியாளர்களோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவிட்டு, எத்தனை நிமிடம் எந்தப் பயிற்சி என்று அட்டையில் எழுதி மைதானத்துக்குக் கொண்டுவருவார். குறித்த நிமிடத்தில் அடுத்த பயிற்சிக்கு மாறிவிடுவார். சீசனின் முதல் நாள், நாட்டின் தலைசிறந்த இளம் ஆட்டக்காரர்களை உட்கார வைத்து, காலுறையில் சுருக்கம் விழாமல் போடுவதையும் காலணிக் கயிற்றைக் கட்டுவதையும் கற்பிப்பார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் ஆட்டத்தை எடுத்துவிடும் என்பது காரணம். நம் தாளில் காலுறை என்பது சொற்பொருள். அதற்கு முதல் இரண்டு வாரம் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

வூடனைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டியவை:

– பிறப்பு 1910, இண்டியானாவில். வளர்ந்தது சென்டர்டன் அருகே மின்சாரமில்லாத பண்ணையில். தந்தை ஜோஷுவா இரவில் விளக்கொளியில் பிள்ளைகளுக்கு வேதாகமமும் கவிதையும் வாசித்துக் காட்டினார். தொடக்கப் பள்ளி முடித்தபோது தந்தை எழுதிக் கொடுத்த ஏழு அறிவுரைகளில் ஒன்று, நல்ல நூல்களை, சிறப்பாக வேதாகமத்தை, ஆழ்ந்து பருகு என்பது. இந்த மரபில் தியான வாசிப்பின் இடம் என்ன என்று கேட்டால் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.
– பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1930, 1931, 1932 ஆகிய மூன்று ஆண்டும் ஆல் அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒருவர். பட்டம் ஆங்கிலத்தில், பிறகு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஆசிரியர் என்பதை மறந்தால் பிரமிடு புரியாது.
– வெற்றிக்கு அவர் கொடுத்த வரையறை 1934இல்; பிரமிடு நிறைவுற்றது 1948இல். வரையறையில் எதிரணியே கிடையாது: தன்னால் இயன்ற அளவுக்கு உயர முழு முயற்சி செய்தோம் என்று அறிவதால் வரும் மன அமைதி.
– யூசிஎல்ஏ 1948 முதல் 1975 வரை. முதல் தேசியப் பட்டம் 1964இல், அதாவது பதினாறாவது சீசனில். பிறகு 1965, 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு, கடைசியாக 1975.
– தோல்வியே இல்லாத சீசன்கள் நான்கு: 1964, 1967, 1972, 1973.

பிரமிடின் உச்சிக் கல்லான போட்டி மேன்மையைப் பட்டங்களோடு குழப்புவது என் இரண்டாவது பிழை, பலரும் செய்வது. வூடன் அதற்குச் சொன்ன பொருள், தேவைப்படும் நேரத்தில் தன் சிறந்த நிலையில் இருப்பது, கடினமான சவாலில் மகிழ்வது. வென்றாயா என்ற கேள்வி அதில் வராது. கிறிஸ்தவ மரபோடு பாலம் கட்ட வேண்டுமென்றால் உச்சியில் தேடாமல் கீழிருந்து இரண்டாம் வரிசைக்கு இறங்குங்கள். தன்னடக்கம் அங்கே இருக்கிறது. 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் பந்தயத்திற்குப் போராடுகிறவர்கள் “எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்” என்று பவுல் சொல்வதும் அதையே. ஆனால் பவுலுக்கு அது அழிவில்லாத கிரீடத்துக்கான பயிற்சி; வூடனின் வரையறையில் முடிவிடம் மன அமைதி. இந்த இடைவெளியை எழுதியதால்தான் இரண்டாம் முறை தேறினேன் என்று நம்புகிறேன்.

ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் 1974–75 சீசனில் வூடனின் பயிற்சிகளில் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகைப்படுத்தினார்கள். பதிவான 2,326 கற்பித்தல் செயல்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு எதை எப்படிச் செய்வது என்ற நேரடித் தகவல், பாராட்டு 6.9 விழுக்காடு, அதிருப்தி 6.6 விழுக்காடு. மேடையில் வூடன் பெயரைச் சொல்லி ஊக்க உரை ஆற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும். எனக்கு இது படிப்பு முறையாகவே ஆயிற்று: என் பழைய நோட்டில் முக்கால் பங்கு ஆஹா, என்ன சாட்சி போன்ற பாராட்டுகளாகவே இருந்ததை எண்ணிப் பார்த்தேன்.

சங்கடமான கேள்விகளைத் தவிர்க்காதீர்கள். தேர்வாளர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். கறுப்பின ஆட்டக்காரர்களை அனுமதிக்காத தேசியப் போட்டிக்கு 1947இல் வந்த அழைப்பை, தன் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் இருந்ததால், இண்டியானா ஸ்டேட்டின் பயிற்சியாளராக இருந்த வூடன் மறுத்தார். தடை நீங்கிய 1948இல் வாக்கர் ஆடினார், அணி இறுதிவரை சென்று லூயிவில்லிடம் தோற்றது. இது தியான நூலுக்கும் பொருந்தும், தேர்வுக்கும் பொருந்தும். ஆனால் சாம் கில்பர்ட் என்ற பணக்காரப் புரவலர் யூசிஎல்ஏ ஆட்டக்காரர்களுக்குச் செய்த சலுகைகளும், வூடன் ஓய்வுபெற்றபின் 1981இல் யூசிஎல்ஏ கூடைப்பந்து அணியின்மேல் விழுந்த தண்டனையும் எந்தத் தியானப் பக்கத்திலும் என் கண்ணில் படவில்லை. வூடனுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்று எழுதி, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்துங்கள். அடுத்தது யூசிஎல்ஏ ஆட்டக்காரர் லூ அல்சிண்டர்: தன் சபையில் டீக்கனாக இருந்த வூடனிடம் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவி, பின்னர் கரீம் அப்துல் ஜப்பாராக அறியப்பட்டவர், வூடனின் கடைசிக் காலம்வரை நண்பராக இருந்தார். வூடன் ஆட்டத்தின்போது சட்டைப்பையில் சிறிய சிலுவை ஒன்றை வைத்திருந்தார். வீரர்கள்மேல் தன் நம்பிக்கையைத் திணிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க முடிந்தால் நல்லது.

வாய்மொழித் தேர்வு நெய்ஸ்மித்திடமிருந்து தொடங்கியது. மான்ட்ரியாலில் இறையியல் படித்து முடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு மாணவர்களுக்காகப் பதின்மூன்று விதிகளோடு கூடைப்பந்தை உருவாக்கியதை எல்லாரும் சொல்வார்கள். ஏன் கூடை தலைக்கு மேலே என்பதைச் சொல்லுங்கள். பந்தோடு ஓடினால் எதிரி பாய்ந்து வீழ்த்துவான், ஆகவே ஓடக் கூடாது. இலக்கு கிடையாக, உயரத்தில் இருந்தால் முரட்டு வேகம் பயன்படாது, பந்தை வளைவாக எறியவே வேண்டும். உடல் பலத்தின் வெறியை விதியாலேயே தணித்த ஆட்டம் இது. இவ்வளவு சொன்னபின், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார் என்று நானாகச் சேர்த்தேன். தேர்வாளர் ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே தைரியம் அதுதான்.

இனி என் சுபாவத்திலிருந்து சில, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் படிப்பு வேண்டாம். மூன்று பேர் கூடினால் ஜெபக்கூட்டமாகிவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மாதிரி விடை எழுத வேண்டாம். முடிவுரைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், ஏனென்றால் 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்கு எதிராக மூன்றரை நிமிடம் மீதமிருக்கையில் பதினொரு புள்ளி முன்னிலையில் இருந்த யூசிஎல்ஏ, அதன்பின் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 71–70 என்று தோற்றது. 88 ஆட்டத் தொடர் வெற்றி அங்கே முடிந்தது. நானும் முதல் முறை கடைசி இருபது நிமிடம் கையெழுத்தை அழகாக்கிக்கொண்டிருந்தேன்.

அட்டைகள் 140 இருக்கின்றன. அடுத்து எழுதுகிறவர் கேட்டால் பெட்டியோடு தருகிறேன். விசுவாசம் அடிக்கல் என்று எழுதிய பழைய குறிப்புத் தாளையும் அதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு. அதை மட்டும் நம்பிப் படித்துவிடாதீர்கள்.