கூச்சிங் கடலில் நான்கு காய்கள்: டச்சு நீர்மூழ்கிகளை மேசையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

நான்கு சார்ட் பேப்பர்களை ஒட்டி, அறுகோணக் கட்டம் போட்டு, தாய்லாந்து வளைகுடாவிலிருந்து ஜாவா வரைக்கும் என் நீர்மூழ்கிப் போர் விளையாட்டுக்கான வரைபடத்தை வரைந்து முடிக்கவே மூன்று வாரம் ஆனது. கரையோரத்தை இரண்டு முறை தப்பாக வரைந்து அழித்தேன். போர்னியோவின் மேற்குக் கரை மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

நீர்மூழ்கிப் போர் என்றால் ஜெர்மானியரின் யூ-போட்டுகளைச் சொல்வார்கள், அடுத்து அமெரிக்கர்களைச் சொல்வார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியத் துருப்புக் கப்பல்களை முதலில் கடுமையாகத் தாக்கியவர்களில் டச்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். 1940 மே மாதமே அவர்களுடைய தாய்நாடு ஜெர்மனியின் கைக்குப் போய்விட்டது. அரசி லண்டனில் இருந்தார். ஆனால் கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) ஜாவாவின் சுரபயாவைத் தளமாகக் கொண்டு 15 நீர்மூழ்கிகள் இருந்தன. சில மிகவும் பழையவை. ஒன்றரை வருடம் முன்பு இதைப் படித்ததிலிருந்து ஒரே கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது: அந்தப் படகுகளை வேறு விதமாகப் பயன்படுத்தியிருந்தால்?

காரணம் இருக்கிறது. பல படகுகள் கூட்டமாகச் சேர்ந்து, விமானம் சொல்லும் திசையில் போய், ஒரே கப்பல் அணியின் மேல் பாயும் முறையை டச்சுக் கடற்படை இரண்டு போர்களுக்கு நடுவிலேயே பயிற்சி செய்திருந்தது. போர் வந்ததும் படகுகள் தனித்தனியாகக் காவலுக்குப் போயின. ஒரு பகுதி சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் தலைமையின் கீழ் போனது. ஒத்திகை பார்த்ததை ஏன் கைவிட்டார்கள் என்ற கோபத்தோடுதான் நான் விளையாட்டை வடிவமைக்கவே உட்கார்ந்தேன்.

எதிராளி வேண்டும். நீர்மூழ்கி விளையாட்டில் ஒருவர் காய் மற்றவருக்குத் தெரியக் கூடாது. கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் ஜப்பானியத் தரப்பை எடுத்துக்கொண்டான். ஆளுக்கு ஒரு வரைபடம், நடுவில் புத்தக அடுக்கு.

கணக்கு முதலில். ஒரு கட்டம் 30 கடல் மைல். ஒரு நாளுக்கு இரண்டு முறை: பகல் ஒன்று, இரவு ஒன்று. இரவில் மேலே மிதந்து போனால் நான்கு கட்டம், பகலில் மூழ்கிப் போனால் ஒரே கட்டம். இந்த ஒரு விதியை எழுதி முடித்ததுமே எனக்குப் பாதி விஷயம் புரிந்தது. சுரபயாவிலிருந்து போர்னியோவின் கூச்சிங் போக ஏறக்குறைய நான்கு நாள். மலாயாவில் கோத்தா பாரு, அதற்கு மேலே தாய்லாந்தின் பத்தானி வரை போக ஒரு வாரத்துக்கு மேல். ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது டிசம்பர் 8 அதிகாலை. அன்றைக்குச் சுரபயாவில் நிற்கிற படகு எதற்கும் உதவாது. முன்கூட்டியே வடக்கே போயிருந்த படகுகள்தான் ஆட்டத்தில் இருக்கின்றன. கூட்டமாகச் சேர்த்து வைத்திருந்தால் எங்கே சேர்த்து வைத்திருப்பது என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

காய்களை அட்டையில் வெட்டினேன். படகுப் பெயர்களிலேயே ஒரு கதை இருக்கிறது. காலனிக் கடலுக்குக் கட்டியவை கே, தாய்நாட்டுக் கடலுக்குக் கட்டியவை ஓ. பின்னால் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். கே-19 என்று கட்டத் தொடங்கியது ஓ-19 ஆனது. எனக்குப் பிடித்த காய் கே-18. 1934 இறுதியில் ஹாலந்திலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா சுற்றி 1935-இல் சுரபயா வந்து சேர்ந்த படகு அது. வழியெல்லாம் வெனிங் மைனஸ் என்ற புவியியற்பியலாளர் உள்ளே உட்கார்ந்து கடலுக்கடியில் புவியீர்ப்பை அளந்துகொண்டே வந்தார். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம் அவருக்கு. அந்த ஒடுக்கமான குழாய்க்குள் அவர் எப்படிப் பல மாதம் இருந்தார் என்று ஒவ்வொரு முறை அந்தக் காயை எடுக்கும்போதும் நினைத்துக்கொள்வேன். அறிவியலுக்காக உலகம் சுற்றிய அதே படகு 1942 ஜனவரி 24 அன்று போர்னியோவின் பாலிக்பாப்பானில் சுருகா மாரு என்ற கப்பலை மூழ்கடித்தது. ஐந்து வாரம் கழித்துச் சுரபயாவில் சொந்த மாலுமிகளே அதை அழித்துவிட்டார்கள், எதிரி கையில் சிக்கக் கூடாதென்று.

டார்பிடோ விதியில் இரண்டு பகடை. டச்சுப் படகுக்கு 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. மணிலாவிலிருந்து வரும் அமெரிக்கப் படகுகளுக்கு 10 வேண்டும். அமெரிக்கரிடம் அங்கே 29 நீர்மூழ்கிகள் இருந்தும் பிலிப்பைன்ஸின் லிங்காயன் வளைகுடாவில் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அவர்களுடைய மார்க்-14 டார்பிடோ வைத்த ஆழத்தைவிட மூன்று மீட்டர் கீழே ஓடியது; அதை 1942 கோடையில்தான் சோதித்து ஒத்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்களின் டார்பிடோ வெடித்தது. சின்னக் கடற்படை அவ்வளவு சாதித்ததில் இதற்கு நல்ல பங்கு உண்டு.

முதலில் வரலாறு நடந்தபடியே நான்கு ஆட்டம்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் தியோமன் தீவுப் பக்கம் கண்ணிவெடிகள் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எட்டுக் கட்டங்களின் எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டான். என் படகு அதில் நுழைந்தால் அவன் ரகசியமாகப் பகடை உருட்டுவான்; 1 அல்லது 2 விழுந்தால் படகு போச்சு. ஆனால் அதை என்னிடம் ஏழு நாள் சொல்லக் கூடாது. இந்த மௌன விதி என் யோசனைதான். நீர்மூழ்கிகள் வானொலியைத் தொடாமல்தான் திரும்பி வரும். பதில் இல்லையென்றால் அது சாவா, எச்சரிக்கையா என்று தலைமையகத்துக்குத் தெரியாது.

இரண்டாவது ஆட்டத்தில் ஓ-16 பத்தானியில் கப்பல்களை அடித்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நிஜத்திலும் அப்படித்தான்: புஸ்ஸமேக்கர் தலைமையில் அந்தப் படகு டிசம்பர் 12-ஐ ஒட்டிய இரவில் ஆழமில்லாத பத்தானிக் கடலுக்குள் புகுந்து நான்கு துருப்புக் கப்பல்களை அடித்தது. நான் காயை நகர்த்தினேன். மறுநாளும் நகர்த்தினேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த கே-17-ஐயும் அதே வழியில் அனுப்பினேன், முன்னால் போன படகுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கையில். ஏழாவது நாள் அவன் சீட்டைப் பிரித்துக் காட்டினான்.

“மாமா, ரெண்டுமே போயிருச்சு. ஓ-16 எப்பவோ போயிருச்சு. நீங்க நகர்த்திக்கிட்டே இருந்தீங்க, எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு.”

நிஜத்தில் ஓ-16 டிசம்பர் 15 அன்று கண்ணிவெடியில் மூழ்கியது. தப்பியவர் ஒருவர்தான்: கார்னலிஸ் டி வுல்ஃப். நீந்திக் கரை சேர்ந்தார். கே-17 டிசம்பர் 21-ஐ ஒட்டி அதே கண்ணிவெடிக் களத்தில் போனது, அதில் இருந்த அத்தனை பேரோடும். புத்தகத்தில் இந்த இரண்டு வரியையும் பல முறை படித்திருக்கிறேன். என் கையாலேயே அந்த இரண்டாவது காயை அனுப்பியபோதுதான் அந்த ஆறு நாள் இடைவெளி என்னவென்று தெரிந்தது. அன்றைக்கு அதற்கு மேல் விளையாடவில்லை. (அந்த இரண்டு படகுகளும் இப்போது கடலடியிலும் இல்லை. பழைய இரும்புக்காக யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தது 2019-இல் தெரியவந்தது. அவை கல்லறைகள்.)

நான்கு ஆட்டத்தின் கணக்கும் நிஜத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. டிசம்பர் முடிவதற்குள் டச்சுக்காரர் கடலில் நான்கு படகுகளை இழந்தார்கள்: ஓ-16, கே-17, ஓ-20, கே-16. ஐந்தாவதாக கே-13 சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பேட்டரி வெடித்துச் செயலிழந்தது. என் ஆட்டங்களில் மூன்றிலிருந்து ஐந்து.

அப்புறம் நான் ஆசைப்பட்ட மாற்று வரலாறு. டிசம்பர் 16 அன்று ஜப்பானியர் போர்னியோவின் மிரியில் இறங்குகிறார்கள். அடுத்தது கூச்சிங் என்று யாரும் ஊகிக்கலாம். நிஜத்தில் 23-ஆம் தேதி இரவு கே-14 தனியாகப் போய் அங்கே இரண்டு கப்பல்களை மூழ்கடித்து இன்னும் சிலவற்றைச் சேதப்படுத்தியது. மறுநாள் கே-16, யார்மன் தலைமையில், சாகிரி என்ற நாசகாரிக் கப்பலை அடித்தது. அதன் பின்பகுதி வெடிமருந்துக் கிடங்கு பற்றி 121 பேர் இறந்தார்கள். இரண்டு படகும் அடுத்தடுத்து, தனித்தனியாக. என் மாற்றம் ஒன்றே ஒன்று: கே-14, 15, 16, 18 நான்கையும் டிசம்பர் 22 அன்று கூச்சிங்குக்கு வெளியே ஒரே கூட்டமாக நிறுத்தி, டோர்னியர் பறக்கும் படகு (நீரில் இறங்கும் விமானம்) ஒன்றைத் தேட அனுப்புவது. வேறு எதையும் தொடவில்லை. புதிய ஆயுதம் கொடுக்கவில்லை, எதிரியை முட்டாளாக்கவில்லை. மாற்று வரலாற்றில் ஒரே ஒரு ஆணியை மட்டும் பிடுங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சுவரையே இடித்துவிட்டு வீடு எப்படி நின்றிருக்கும் என்று கேட்டால் பதிலுக்கு மதிப்பில்லை.

ஐந்து ஆட்டம் போட்டோம். மூன்றில் முதல் இரவே நான்கிலிருந்து ஆறு கப்பல்கள் மூழ்கின. நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டில் டோர்னியர் மேகத்தில் எதையும் பார்க்கவில்லை, கூட்டம் வெறுங்கடலில் காத்துக் கிடந்தது.

ஆனால் வென்ற ஆட்டங்களில்தான் பாடம் இருந்தது. விடிந்ததும் நான்கு படகும் ஆழமில்லாத கட்டங்களில் மாட்டிக்கொண்டன. அங்கே மூழ்கினாலும் ஒளிய இடமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு போனது. தப்பியவற்றில் டார்பிடோ தீர்ந்துவிட்டது. ஒரு படகுக்கு மொத்தமே 14. நான்கும் ஒன்றாகச் சுரபயாவுக்கு நான்கு நாள் ஓட்டம், அங்கே நிரப்ப நாள்கள், திரும்ப நான்கு நாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் போர்னியோக் கடல் காலி. அந்த நேரத்தில் மாப்பிள்ளை அடுத்த அணியை நிம்மதியாக அனுப்பினான். ஜனவரி 11 அன்று போர்னியோவின் கிழக்கே தரக்கானில் நடந்த இறக்கத்தைத் தடுக்க என்னிடம் ஒரு காய்கூட இல்லை. தனித்தனியாகப் போனபோது அடி சின்னதாக இருந்தாலும் எப்போதும் யாராவது ஒருவர் கடலில் இருந்தார்.

அங்கிருந்த டச்சுக் கடற்படையை நடத்திய ஹெல்ஃப்ரிக் என்ற அட்மிரலின் மேல் எனக்கிருந்த கோபம் இங்கே பாதியாகக் குறைந்தது. கூட்டத் தாக்குதல் நல்ல யோசனைதான். அதற்கு 15 போதாது, 30 வேண்டும். பழைய படகுகளைக் கழித்தால் அவரிடம் பத்துச் சொச்சம்தான் இருந்தது.

மூச்சுக்குழாய்க்காக எழுதிய விதியை இரண்டே ஆட்டத்தில் எடுத்துவிட்டேன். மூழ்கியபடியே டீசல் ஓட்டக் காற்று இழுக்கும் ஸ்நார்கெலுக்கு வழி போட்டது டச்சு அதிகாரி விக்கர்ஸ். ஓ-19, ஓ-20 இரண்டும் அதோடுதான் கட்டப்பட்டன. 1940-இல் ஹாலந்திலிருந்து பிரிட்டனுக்குத் தப்பி வந்த ஓ-21 வகைப் படகுகளிலிருந்து பிரிட்டிஷார் அதைக் கழற்றிவிட்டார்கள், ஜெர்மானியர் பின்னால் அதை எடுத்துக்கொண்டார்கள். கேட்க ஆசையான மாற்று வரலாறு. ஆனால் 1941-இல் ஜப்பானியக் காவல் கப்பல்களில் ரேடார் இல்லை. இரவில் மேலே மிதந்தே பேட்டரி ஏற்றலாம். அந்தக் குழாய் இருந்தும் ஓ-20 டிசம்பர் 19 அன்று உரானாமி என்ற நாசகாரியிடம் சிக்கியது. அந்தக் கடலில் அது உயிர் காக்கவில்லை.

கே-16-க்கு ஒரு விதி கூட்ட வேண்டியிருந்தது. சாகிரியை அடித்த மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று, ஐ-66 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 36 பேரும் இறந்தார்கள். நீர்மூழ்கியை நீர்மூழ்கி வேட்டையாடும் என்பதை நான் விதியில் வைக்கவே இல்லை. இப்போது மாப்பிள்ளையிடம் இரண்டு ஐ-படகுக் காய்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு மேலே மிதந்து போகும்போதெல்லாம் என் கை தயங்குகிறது.

கடைசியாகப் போன வாரம் போட்டது மிகச் சின்ன மாற்றம். டி வுல்ஃப் கரை சேர்ந்து, ஓ-16 எந்த இடத்தில் போனது என்ற செய்தி இரண்டே நாளில் எல்லாப் படகுகளுக்கும் போய்ச் சேர்கிறது. மௌன விதி ஏழு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைகிறது, அவ்வளவுதான். ஆறு ஆட்டத்தில் ஆறிலும் கே-17 வேறு வழியில் போய்ப் பிழைத்தது. கூச்சிங் கூட்டத்தால் மூழ்கிய கப்பல்களைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஜப்பானியர் ஜாவாவில் இறங்குவதை அந்த ஒரு படகு தடுக்கவில்லை. எந்த ஆட்டத்திலும் மார்ச் முதல் வாரத்துக்கு மேல் ஜாவா தாங்கவில்லை.

ஜாவா விழுந்ததும் மிஞ்சிய காய்களை வரைபடத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுவேன். “எங்க போகுது மாமா?” என்று கேட்டான். சில படகுகள் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலுக்கு, சில கொழும்புக்கு. கே-11 கொழும்புக்குப் போகிற வழியில், மார்ச் 9 அன்று, யார்ரா என்ற ஆஸ்திரேலியக் கப்பலின் மாலுமிகள் 13 பேரைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டது. ஐந்து நாளாக மிதந்துகொண்டிருந்தவர்கள்.

அவர்களை ஓரத்தில் எடுத்து டப்பாவில் போட மனம் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம் இன்னும் இரண்டு சார்ட் பேப்பர் ஒட்டுகிறோம். சுமத்ராவுக்கு மேற்கே கொழும்பு வரைக்கும் கட்டம் போட்டாகிவிட்டது. இலங்கைக் கரையை மட்டும் இன்னும் மையில் வரையவில்லை.