தாடைக்குக் கீழ பந்து

ஜூன் 3

நம்ம பாஸ்கெட்பால் பசங்களோட பிராக்டிஸ் மேட்ச்ல ஸ்கோரை விட்டுட்டு டர்ன்ஓவர மட்டும், அதாவது பந்து நம்ம கைய விட்டு எதிர் டீமுக்குப் போன தடவைய மட்டும், எண்ணிட்டு இருந்தேன். 19. அதுல எதிர் டீம் நிஜமாவே பறிச்சது 4 தான், மிச்சமெல்லாம் நம்ம பசங்க தாராளமா தானம் பண்ணது. ரீபவுண்ட், அதாவது கூடைல விழாம திரும்பி வர்ற பந்து, அதை எடுத்த கையோட இடுப்புக்கு இறக்கிடறாங்க, பக்கத்துல நிக்கிற குட்டிப்பையன் கீழேர்ந்து ஒரு தட்டு தட்டறான், போச்சு.

ஜூன் 5

இன்னிக்கு ஷூட்டிங்கே கிடையாதுன்னதும் எல்லா மூஞ்சியும் தொங்கிடுச்சு. பந்தை தாடைக்குக் கீழ ரெண்டு கையால இறுக்கிப் பிடிச்சு, முழங்கைய விரிச்சு, ஒரு கால ஊனிக்கிட்டு மறு கால மட்டும் நகர்த்தித் திரும்பற பிவட், சுத்தி ரெண்டு பேர் பிடுங்க வருவாங்க, 5 செகண்ட் தாங்கணும். அது என்ன சார் 5ன்னு கேட்டான் ஒருத்தன். டிஃபெண்டர் ஒரு மீட்டருக்குள்ள ஒட்டி நின்னா, பந்தை வச்சிருக்கவன் அந்த 5 செகண்டுக்குள்ள பாஸோ ஷூட்டோ டிரிப்ளிங்கோ பண்ணியாகணும், இல்லன்னா பந்து அவங்களுக்கு. 7ஆம் நம்பர் பதட்டத்துல முழங்கைய வீசிட்டான், எதிர்ல இருந்தவன் மூக்கு மயிரிழையில தப்பிச்சது. விரிக்கலாம்டா, வீசக்கூடாது.

ஜூன் 8

பறிக்கிற பாடம். எல்லாருக்கும் மேலேர்ந்து கைய வெட்டத்தான் வருது, விசில் மேல விசில். உள்ளங்கை வானத்தப் பாக்க கீழேர்ந்து தட்டுங்கன்னு தொண்ட கிழிய கத்தினேன். 11ஆம் நம்பர் உருண்டு போன பந்து மேல அழகா பாய்ஞ்சு பிடிச்சான், பிடிச்ச சந்தோஷத்துல பந்தோட எழுந்து நின்னுட்டான், டிராவலிங், பந்தை வச்சுக்கிட்டு விதிய மீறி நகர்ற தப்பு. படுத்தபடியே சறுக்கினா தப்பில்ல, பந்தோட உருண்டாலோ எழுந்தாலோதான் தப்புன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறான். படுத்துக்கிட்டே பாஸ் குடுன்னேன், சிரிச்சான்.

ஜூன் 10

பாக்ஸ் அவுட், ரீபவுண்டுக்கு வர்ற எதிராளிய முதுகால மறிச்சு நிறுத்தறது. ஷாட் போனா எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்களே தவிர பின்னாடி யாருன்னு ஒருத்தனும் தேடறதில்ல. நடுவுல பந்தை வச்சு, முதுகால மறிச்சு 3 செகண்ட் எதிராளிய தொட விடக்கூடாதுன்னு வச்சேன். டீம்லயே குட்டையானவன், 4ஆம் நம்பர், இருக்கறதுலயே நெட்டையானவன மூணு தடவயும் வெளியவே நிறுத்திட்டான்! இடுப்ப தாழ்த்தி உக்காந்த மாதிரி நின்னான், அவ்ளோதான் விஷயம்.

ஜூன் 14

மேட்ச். டர்ன்ஓவர் 11, தோத்தது 2 பாயிண்ட்ல. கடைசி நிமிஷம் 4ஆம் நம்பர் ரீபவுண்ட் எடுத்து தாடைக்குக் கீழ கொண்டு வந்துட்டான், அவங்க ஆள் ஒருத்தன் பந்தைக் கட்டிப் பிடிச்சுட்டான், ரெண்டு பேர் பிடியிலயும் பந்து, ஹெல்ட் பால், அடுத்து பந்து யாருக்குன்னு காட்டற அம்புக்குறி அவங்க பக்கம். விசில் அடிச்சப்புறமும் இவன் பிடிய விடல. ரெஃப்ரி ரெண்டு தடவ கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு.