வங்கக் கடலடி மணல் எந்த ஆற்றுடையது? கன கனிமங்களைப் பிரித்து எண்ணும் முறை

கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டிய மணலைப் பிரித்தறிய, எபிடோட், கார்னெட் என்ற இரண்டு கன கனிமங்களின் விகிதம் உதவும். பிரம்மபுத்திரா மணலில் எபிடோட் கூடுதல், கங்கை மணலில் கார்னெட் கூடுதல். 2015இல் ஐஓடிபி என்ற பன்னாட்டுக் கடலடித் துளையிடும் திட்டத்தின் 354ஆவது பயணத்தில் 8 பாகை வட அகலாங்கில் ஏழு இடங்களில் துளையிட்டு எடுத்தவை போன்ற மண் தூண்களில் இதைச் செய்யலாம்.

உப்பு போகக் கழுவிய மண்ணை, களிமண் கட்டிகள் பிரிய, சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட் கலந்த நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பிறகு 63, 125 மைக்ரான் சல்லடைகளில் நீர் ஊற்றிச் சலித்து, இடையில் நிற்பதை மட்டும் எடுங்கள். கிளிஞ்சல் தூளைக் கரைக்க 10% அசிட்டிக் அமிலம் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், அபடைட் என்ற கன கனிமம் கரைந்துபோகும்.

அடுத்து, கன மணிகள் மூழ்க, மற்றவை மிதக்க, மணலைச் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலில் போட வேண்டும். அதன் அடர்த்தியை 2.90க்குக் கொண்டுவாருங்கள், 10 மில்லி 29 கிராம் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்கவும். குழாய் நீரிலோ மணலிலோ கால்சியம் இருந்தால் வெள்ளையாகப் படிந்து கரைசல் கெடும். கரைசல் பிசுக்கென்று இருப்பதால் நுண்மணல் தானாக இறங்காது. நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி, குழாயின் அடியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மேலே மிதப்பதை ஊற்றிவிடுங்கள். ஊற்றியதைக் கலக்கி இன்னொரு முறை சுழற்றினால் மேலே சிக்கிய கன மணிகளும் கிடைக்கும். வங்கக் கடல் மணலில் அபிரகம் (மைக்கா) ஏராளம். தகடாக இருப்பதால் சில மிதக்கும், சில மூழ்கும். அதை விகிதத்தில் சேர்க்காதீர்கள்.

நுண்ணோக்கிக் கண்ணாடியில் ஒட்ட, கன மணிகளைப் புட்டியிலிருந்து கரண்டியால் அள்ளக்கூடாது. கனமானவை அடியில் தங்கிவிடும், எண்ணிக்கை பொய்யாகும். பங்கிடும் கருவியால் பிரியுங்கள்.

ஒளி ஊடுருவும் மணிகளில் 300 எண்ணுங்கள். குறுக்கிட்ட துருவ ஒளியில் (இரண்டு துருவ வடிகட்டிகளைக் குறுக்காக வைத்து) நுண்ணோக்கி மேடையைச் சுழற்றினாலும் கார்னெட் இருட்டாகவே இருக்கும். எபிடோட் பிஸ்தா நிறத்தில், திட்டுத்திட்டான பளிச்சென்ற வண்ணங்களோடு நிற்கும். ஒற்றைத் துருவ ஒளியில் சுழற்றும்போது இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவது ஹைப்பர்ஸ்தீன். பல்லாவரத்தின் சார்னோக்கைட் பாறையில் இருக்கும் கனிமம்தான் இது; வங்கக் கடல் மண்ணில் வந்தால் தீபகற்ப ஆறுகளை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பார்வையில் நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது மணல் புதைந்த ஆழம்தான். புதைந்த மணலில் ஆம்ஃபிபோல் என்ற கனிமம் சீக்கிரமே கரையும், எபிடோட்டும் கார்னெட்டுக்கு முன்பே கரையும். கீழே எபிடோட் குறைந்ததும் "கங்கை மணல்" என்று எழுதிவிடாதீர்கள். மீதமுள்ள ஆம்ஃபிபோலின் ஓரங்கள் ரம்பப் பல் போல அரித்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அரித்திருந்தால் அந்த விகிதத்தை விட்டுவிட்டு, இரண்டும் எளிதில் கரையாத ரூட்டைல், சிர்கான் விகிதத்துக்கு மாறுங்கள்.