கிராபிக்ஸ் டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புதல்

தண்டையார்பேட்டையில் என் தம்பி கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும் செய்து தரும் கடை வைத்திருக்கிறான். அங்குள்ள கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முகூர்த்த நாட்கள் நெருங்கிய சமயத்தில் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, புதுப்பித்தோம். அதிலிருந்து, டைம்லைனை இழுத்தாலே திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பியது, சில வேளை எடிட்டிங் மென்பொருளே மூடிக்கொண்டது. பார்க்க வந்த சர்வீஸ்காரர் ஃபேனைத் துடைத்துவிட்டு, "கார்டு அவுட்டுண்ணே, வேற போட்டுடலாம்" என்றார். காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றில் போர்டுகள் அரித்துப்போவது எங்களுக்குப் புதிதல்ல என்பதால் தம்பியும் நம்பிவிட்டான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தால், திரை கறுத்த நேரங்களிலெல்லாம் 4101 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை இருந்தது: டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று, பிறகு மீண்டது என்பது அதன் பொருள். கிராபிக்ஸ் கார்டிடமிருந்து வழக்கமாக 2 நொடிகளுக்குள் பதில் வராவிட்டால், விண்டோஸ் அதை மறுதொடக்கம் செய்துவிடும். அதிக சூடு, பலவீனமான பவர் சப்ளை, உண்மையிலேயே கெட்ட கார்டு ஆகியவையும் இதே எச்சரிக்கையைத் தரும் என்பதால் இதை மட்டும் வைத்து டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோளாறுகளைப் பட்டியலிடும் ரிலையபிலிட்டி மானிட்டரில் நாள்வாரியாகப் பார்த்தபோது, டிரைவர் ஏறிய நாளுக்கு முன்பு பிழையைக் காட்டும் சிவப்புக் குறி ஒன்றுகூட இல்லை. செலவில்லாத சோதனை இருக்கும்போது செலவுள்ளதை ஏன் முதலில் செய்ய வேண்டும்?

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியில் கார்டின் பெயரை இருமுறை சொடுக்கி, டிரைவர் என்ற தாவலுக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பிவிடும். எங்களுக்கு அது மங்கலாகி, அழுத்த முடியாமல் கிடந்தது. இடம் போதவில்லை என்று தம்பி டிஸ்க் கிளீனப் ஓட்டி, 'டிவைஸ் டிரைவர் பேக்கேஜஸ்' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருந்தான். பழைய டிரைவர் பிரதிகளைத் துடைப்பதற்கென்றே உள்ள கட்டம் அது.

ஆகவே கார்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து பழைய பதிப்பை இறக்க வேண்டியதாயிற்று. டிரைவர் தருவதாகக் கூவும் மற்ற தளங்களின் பக்கம் போகவே கூடாது. பதிப்பு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. என்விடியா கார்டுகளில் விண்டோஸ் 31.0.15.3699 என்று காட்டினால், கடைசி ஐந்து இலக்கங்களைச் சேர்த்து 536.99 என்று படிக்க வேண்டும்.

அடுத்து டி.டி.யூ. எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், இருக்கும் டிரைவரை அடியோடு துடைக்கும் கருவி. முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் நீக்கிய கையோடு விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போய், அங்கே டி.டி.யூ.வை ஓட்ட வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினியானால் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும், முன்பே குறித்துவைப்பது நல்லது. துடைத்து முடிந்ததும் ஐகான்கள் பெரிது பெரிதாக, திரை கரடுமுரடாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர் ஓடுகிறது என்பதுதான் காரணம். அதன் மேல் பழையதை நிறுவினோம். டைம்லைன் எங்கும் நிற்காமல் ஓடியது, கார்டு மாற்றும் பேச்சும் ஓய்ந்தது.

புதியதென்றால் மேலானது என்ற எண்ணம் டிரைவர் விஷயத்தில் செல்லாது. 2010இல் என்விடியா வெளியிட்ட 196.75 பதிப்பு, ஃபேன் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் திரும்பப் பெறப்பட்டது. அதற்காகப் பழையதிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கவும் முடியாது, பாதுகாப்புத் திருத்தங்கள் புதியவற்றில்தான் வருகின்றன.

இப்போது விண்டோஸ் ப்ரோவில் உள்ள குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில், அப்டேட்டோடு டிரைவர்கள் வராதபடி நிறுத்தியிருக்கிறேன் (பிரிண்டர் டிரைவரும் சேர்ந்தே நின்றுபோகும், அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்). வேலை செய்த இன்ஸ்டாலரின் பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அடுத்த டிரைவரை மார்கழியில்தான் போடுவதென்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். முகூர்த்தம் இல்லாத மாதம், கோளாறு வந்தாலும் திருப்பிப் போட அவகாசம் இருக்கும்.