வாரிய அட்டை இருந்தும் மாதப் பணம் வராதது ஏன்? கலைஞர்களுக்கான அரசு உதவிகளில் எது எங்கே கிடைக்கும்

"நலவாரிய அட்டை வாங்கிட்டேன், இன்னும் மாசப் பணம் வரலையே?" நாட்டுப்புறக் கலைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. அட்டை தருவது ஓர் அலுவலகம், மாதப் பணம் தருவது இன்னொன்று. இரண்டும் தமிழ்நாடு அரசின் கீழ்தான் வருகின்றன, ஆனால் ஒன்றில் பதிந்தால் இன்னொன்றில் தானாகப் பெயர் ஏறாது. இது தெரியாமலே பல மூத்த கலைஞர்களுக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன.

முதலில் எந்தக் கதவு எது என்று பார்த்துக்கொள்வோம். 1991இல் தொடங்கப்பட்ட கலை பண்பாட்டுத் துறையின் இயக்ககம் எழும்பூர் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் இருக்கிறது. அதன் கீழ் காஞ்சிபுரம், சேலம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஏழு ஊர்களில் மண்டலக் கலை பண்பாட்டு மையங்கள் உண்டு. தென்காசி வில்லிசைக் கலைஞரும் தூத்துக்குடி கணியான் கூத்துக் கலைஞரும் போகவேண்டியது நெல்லை மையத்துக்கு. இரண்டாவது கதவு, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1955இல் சங்கீத நாடக சங்கம் என்ற பெயரில் பிறந்த இந்த அமைப்புதான் கலைமாமணி விருதைக் கையாள்கிறது. மூன்றாவது, 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். நான்காவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கலை மன்றம்.

வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். அட்டை உயிரோடு இருக்கும்வரை, அதாவது உரிய காலத்தில் புதுப்பித்து வரும்வரை, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து மரணம், இயற்கை மரணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி கேட்கலாம். மாதாமாதம் வரும் நிதியுதவி இந்த வரிசையில் இல்லை. அது இயல் இசை நாடக மன்றத்தின் திட்டம். 58 வயது நிறைந்த, நலிந்த நிலையில் இருக்கும் கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய்.

58 என்ற வரம்பு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குரலிசைக் கலைஞர் அந்த வயதிலும் பாடுவார். கரகம் தாங்கிய கழுத்தும், பொய்க்கால் கட்டி ஆடிய முழங்காலும் அதற்கு வெகு முன்பே தேய்ந்துவிடுகின்றன. ஆட முடியாமல் போகும் வயதுக்கும் உதவி தொடங்கும் வயதுக்கும் நடுவே உள்ள பத்துப் பதினைந்து வருடம்தான் ஆட்டக் கலைஞர்களின் மிகக் கடினமான காலம். உடலை வைத்து ஆடும் கலைகளுக்கு வயது வரம்பைத் தனியாகக் குறைப்பதே நியாயம்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் திரும்புவது தகுதி இல்லாததால் அல்ல, சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான். ஆதாரில் 'மு. கருப்பசாமி', வங்கிப் புத்தகத்தில் 'கருப்பசாமி முத்து', வாரிய அட்டையில் 'கலைமணி கருப்பசாமி' என்று இருந்தால் சரிபார்ப்பவருக்கு மூன்றும் மூன்று ஆட்கள். பட்டப் பெயரை நோட்டீஸில் போட்டுக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தில் வேண்டாம். அப்படியே கலையின் பெயரும். ஒரு சான்றில் தப்பாட்டம், இன்னொன்றில் பறையாட்டம் என்று எழுதினால் கேள்வி வரும். நையாண்டி மேளச் செட்டில் (குழுவில்) தவில் வாசிப்பவர் 'தவில்' என்று பதியப்போகிறாரா, 'நையாண்டி மேளம்' என்றா? முதலிலேயே முடிவு செய்து, எல்லாக் காகிதத்திலும் அதே சொல்லைப் போடவேண்டும்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். பழைய சான்றின் நகலை வைத்து ஓட்டப் பார்த்தால் திரும்பி வரும். வங்கிக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் 2019இல் தமிழ்நாடு கிராம வங்கியாக இணைந்தன. அலகாபாத் வங்கி 2020இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய புத்தகத்தில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணை அப்படியே எழுதினால் பணம் கணக்குக்கு வராமல் திரும்பிவிடும். புதுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்தை நகல் எடுங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, நீங்கள் கலைஞர்தான் என்று நிரூபிப்பது. சபாக்களில் பாடுபவரிடம் அழைப்பிதழ் கட்டுக்கட்டாக இருக்கும். கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துப் பேசி முடிப்பார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது. கோயில் கொடை (திருவிழா) நோட்டீஸில் 'இரவு கரகாட்டம் நடைபெறும்' என்று இருக்குமே தவிர, ஆடுபவர் பெயர் இருக்காது. அதனால் இதை இந்தக் கொடையிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: பேசி முடிக்கும்போதே விழாக் கமிட்டியிடம் செட்டின் பெயரையும் கலைஞர்கள் பெயரையும் நோட்டீஸில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஊர், தேதி, கலை, ஆடியவர் பெயர் போட்டு ஒரு வரி எழுதி, கமிட்டியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். படம் எடுக்கும்போது பின்னால் கோயில் பெயர்ப் பலகையோ மேடைப் பதாகையோ தெரியட்டும். முகம் தெரியவேண்டும், ஒப்பனையில் இருக்கும் கூத்துக் கலைஞர் ஒப்பனை போடும் நேரத்தில் ஒன்றும் போட்ட பிறகு ஒன்றுமாக இரண்டு படம் வைத்துக்கொள்வது நல்லது. செட்டை நடத்தும் வாத்தியாரிடம் இதையெல்லாம் விட்டுவிட்டால், செட்டை விட்டு விலகும் நாளில் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவரவர் காகிதம் அவரவர் பெட்டியில் இருக்கட்டும்.

இயல் இசை நாடக மன்றம் வழியாக வரும் இன்னொரு உதவி, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய். ஆண்டுக்கு 500 கலைஞர்கள் என்ற கணக்கில் திட்டம் வகுக்கப்பட்டது. பறை வாங்க இது கைகொடுக்கும். நல்ல பலாக் கட்டையில் கடைந்த புதுத் தவிலுக்கோ, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யும் நாதஸ்வரத்துக்கோ இது போதாது. தவில், நாதஸ்வரக் கலைஞர்கள் இந்தப் பணத்தில் தவிலுக்குத் தோல் மாற்றுவது, நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளி வாங்குவது, பழைய கருவியைச் சீர் செய்வது என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். கட்டைக்கூத்துக்காரர்களுக்கு கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வேஷம். ஒரே ஜமாவில் (கூத்துக் குழுவில்) மூன்று நான்கு பேர் தனித்தனியாக விண்ணப்பித்தால் பெட்டியே புதிதாகும். வாங்கிய கடையின் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மாவட்டக் கலை விருதுகள் வயதை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 வயது முதல் கலை முதுமணி. பொற்கிழி முறையே 4,000, 6,000, 10,000, 15,000, 20,000 ரூபாய். மாநில, தேசிய விருது பெற்றவர்களும் ஏற்கெனவே மாவட்ட விருது பெற்றவர்களும் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. தொகையைவிட அந்தச் சான்றிதழ் பெரிது. ஆட்சியர் கையெழுத்தோடு 'இவர் கலைஞர்' என்று சொல்லும் காகிதம் அது. மேலே சொன்ன நிரூபணச் சிக்கலில் பாதி அதோடு தீர்ந்துவிடும். அறிவிப்பு பெரும்பாலும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சின்னச் செய்தியாக வந்து போகும். பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராக ஆடிக்கொண்டிருப்பவர் கண்ணில் படாது. வேலை குறைவான மார்கழியில் ஒருமுறை மண்டல மையத்துக்கு நேரில் போய், என்னென்ன அறிவிப்பு வரவிருக்கிறது என்று கேட்டு வருவது பயன் தரும்.

பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று ஏழு பிரிவுகள். 12 முதல் 25 வயது வரை சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகிய மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு 7ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். "அப்பாகிட்டயே கத்துக்கிட்டான், பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று மேளக்காரக் குடும்பங்களில் கேட்கிறார்கள். அப்பாவிடம் கற்றதே மேலான பாடமாக இருக்கலாம். ஆனால் அறநிலையத் துறைக் கோயிலில் நாதஸ்வர, தவில் பணியிடத்துக்கு ஆள் எடுக்கும்போது இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஏழு தலைமுறை வாசித்த குடும்பத்துப் பையன், அந்தக் காகிதம் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிடக்கூடாது. 25 வயதைத் தாண்டிவிட்டால் இந்தப் பள்ளியில் சேர வழியில்லை. பத்தாவது முடித்த கையோடு சேர்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, வாரிய அட்டை வைத்திருப்பவர்கள் இன்றே பார்க்கவேண்டியது: நியமனதாரர், அதாவது உங்களுக்குப் பின் உதவியைப் பெறவேண்டியவர், பெயர். இளவயதில் பதிந்தபோது அம்மாவின் பெயரைக் கொடுத்தவர்கள் பலர். திருமணத்துக்குப் பிறகு அதை யாரும் மாற்றுவதில்லை. மரண உதவி கேட்டு மனைவி போய் நிற்கும்போது, வாரிசுச் சான்று வாங்கக் குடும்பமே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கவேண்டியிருக்கும். அடுத்த முறை அட்டை புதுப்பிக்கும்போதே பெயரை மாற்றச் சொல்லி, மாற்றியதற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.