குடுவைக்குள் ஒரே அளவில் வளரும் படிகங்கள்

சில நானோமீட்டர் அளவேயான குறைகடத்திப் படிகங்கள், அதாவது நானோபடிகங்கள், உருவாகும் விதத்தை வகுப்பில் விளக்கும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு வளைகோட்டைத்தான் பலகையில் வரைகிறார்கள். விக்டர் லாமரும் ராபர்ட் டினேகரும் 1950இல் கந்தகக் கூழ்மங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. கரைசலில் மோனோமர்களின், அதாவது படிகத்தைக் கட்டும் அடிப்படை அலகுகளின், செறிவு ஏறிக்கொண்டே போய், தெவிட்டல் நிலையைக் கடந்து மேலும் ஒரு வரம்பைத் தாண்டியதும் படிகக் கருக்கள் திடீரெனத் திரள்கின்றன. அவை மோனோமர்களை இழுத்துக்கொள்வதால் செறிவு அந்த வரம்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதன் பிறகு புதிய கரு எதுவும் பிறப்பதில்லை, ஏற்கெனவே பிறந்தவை மட்டுமே வளர்கின்றன. கேட்பதற்கு நிறைவளிக்கும் விளக்கம்தான். ஆனால் மோனோமர் எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்ற கேள்வியை இந்த வளைகோடு கேட்பதே இல்லை. நானோபடிகத் தயாரிப்பின் உண்மையான வேதியியல் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மரே, நோரிஸ், பவெண்டி ஆகிய மூவரும் 1993இல் வெளியிட்ட காட்மியம் செலினைடு தயாரிப்பு முறை இத்துறையின் திருப்புமுனை. 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பவெண்டிக்குக் கிடைத்த பங்குக்கும் அதுவே அடிப்படை. கரைப்பானாகப் பயன்படும் ட்ரைஆக்டைல்பாஸ்பீன் ஆக்சைடை ஆர்கான் வாயுச் சூழலில் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதற்குள் டைமெத்தில் காட்மியமும் ட்ரைஆக்டைல்பாஸ்பீனில் கரைத்த செலினியமும் கலந்த குளிர்ந்த கரைசலை ஒரே வீச்சில் செலுத்தினார்கள். வெப்பநிலை சட்டென 180 டிகிரி அளவுக்கு இறங்கும்; கருவாக்கம் அத்துடன் நின்றுவிடும்; பின்னர் மெல்ல 230 முதல் 260 டிகிரி வரை ஏற்றினால் படிகங்கள் வளரும். இவ்வாறு 1.2 முதல் 11.5 நானோமீட்டர் வரையிலான படிகங்களை அவர்கள் பெற்றார்கள். இரண்டு நானோமீட்டர் அளவில் நீலப்பச்சையாக ஒளிரும் காட்மியம் செலினைடு ஆறு நானோமீட்டரை நெருங்கும்போது சிவப்பாக ஒளிர்வதால், குடுவையில் வளர்ச்சி நடப்பதை வெறும் கண்ணாலேயே பின்தொடர முடியும்.

கருக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்தாலும், அதனாலேயே அவை ஒரே அளவில் முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. சிறிய துகளின் மேற்பரப்பு அதிகமாக வளைந்திருப்பதால் அதன் கரைதிறன் பெரிய துகளுடையதைவிட அதிகம். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் ஒரு மாறுநிலை அளவு உண்டு: அதைவிடச் சிறியவை கரையும், பெரியவை வளரும். மோனோமர் தாராளமாக இருக்கும்போது மாறுநிலை அளவு மிகச் சிறியது. எல்லாத் துகள்களும் அதற்கு மேலேயே இருக்கும். அப்போது மோனோமர் கரைசலில் பரவித் துகளை வந்தடையும் வேகமே (விரவல் வேகம்) வளர்ச்சியைத் தீர்மானிப்பதால், சிறியவை விரைவாக வளர்ந்து பெரியவற்றை எட்டிப்பிடிக்கின்றன. அளவுப் பரவல் குறுகும் இந்த நிகழ்வை பெங், விக்கம், அலிவிசாட்டோஸ் ஆகியோர் 1998இல் காட்மியம் செலினைடில் தெளிவாகக் காட்டினார்கள். மோனோமர் தீர்ந்துவரும்போது மாறுநிலை அளவு உயர்ந்து துகள்களின் சராசரி அளவையே தொட்டுவிடும். அந்நிலையில் சிறியவை கரைந்து பெரியவற்றுக்குத் தீனியாகி, பரவல் மீண்டும் அகலமாகும். இதுவே ஆஸ்ட்வால்டு முதிர்வு. அதற்குள் வினையை நிறுத்த வேண்டும், அல்லது புதிதாக மோனோமர் மூலத்தைச் செலுத்த வேண்டும்.

இனி மோனோமரின் வருகைக்கு வருவோம். செலுத்தப்படும் காட்மியமும் செலினியமும் அப்படியே மோனோமர் அல்ல; முன்னோடிச் சேர்மங்கள் சிதைந்து வினைபுரிந்த பிறகே காட்மியம் செலினைடு அலகு கரைசலுக்குள் வருகிறது. இந்த மாற்றம் மெதுவாக நடந்தால், ஊசிக்குழலை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓவனின் குழு 2015இல், பலவகைத் தயோயூரியாக்களைக் கொண்டு ஈய சல்பைடு படிகங்களைத் தயாரித்து இதை நிறுவியது. மாற்றம் வேகமாக நடந்தால் கருக்களின் எண்ணிக்கை பெருகும். மூலப்பொருளின் மொத்த அளவு மாறாததால் ஒவ்வொரு படிகமும் சிறியதாக முடியும். ஒரே அளவு மாவில் எத்தனை உருண்டை பிடிக்கிறோமோ அதைப் பொறுத்தே உருண்டையின் பருமன் அமைவது போன்ற கணக்குத்தான் இது. விட்டம் இரு மடங்காக வேண்டுமானால் கருக்களின் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும்.

வேதிப்பொருளின் தூய்மையும் இங்கே எதிர்பாராத வகையில் குறுக்கிடுகிறது. முழுத் தூய்மையான மூவிணையப் பாஸ்பீன் (பாஸ்பரஸுடன் மூன்று கரிமத் தொகுதிகள் இணைந்தது) செலினைடு காட்மியம் கார்பாக்சிலேட்டுடன் (கரிம அமிலத்தின் காட்மியம் உப்பு) வினைபுரிவதே இல்லை என்றும், விற்பனைக்கு வரும் பாஸ்பீனில் சிறிதளவு கலந்திருக்கும், இரண்டு கரிமத் தொகுதிகள் மட்டுமே இணைந்த ஈரிணையப் பாஸ்பீனே வினையைத் தொடங்கி வைக்கிறது என்றும் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிராஸின் குழு 2010இல் காட்டியது. ட்ரைஆக்டைல்பாஸ்பீன் ஆக்சைடிலும் இதே கதைதான். அதில் மாசாக இருந்த பாஸ்பானிக் அமிலங்கள் படிகத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு வடிவத்தையே மாற்றக்கூடியவை. ஒரு புட்டியிலிருந்து எடுத்தால் கோளமும் வேறொரு புட்டியிலிருந்து எடுத்தால் தண்டும் கிடைத்தால், ஆய்வாளரின் கைப்பக்குவத்தைக் குறைசொல்வதைவிடப் புட்டியின் உள்ளடக்கத்தைப் பகுத்துப் பார்ப்பதே முறை.

காட்மியம் இல்லாத இன்டியம் பாஸ்பைடில் நிலைமை இன்னும் சிக்கலானது. பாஸ்பரஸைத் தரும் வழக்கமான சிலைல் பாஸ்பீன் (சிலிக்கான் தொகுதிகள் இணைந்த பாஸ்பீன்) முன்னோடி மிக விரைவாக வினைபுரிந்து தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுவதால், பரவலைக் குறுக்கத் தேவையான மோனோமர் பிற்பாடு மிஞ்சுவதில்லை என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கொசேர்ட்டின் குழு 2016இல், 37 இன்டியம் அணுக்களும் 20 பாஸ்பரஸ் அணுக்களும் கொண்ட ஒரு நிலையான கொத்தைத் தனியே பிரித்து அதன் படிக அமைப்பையே கண்டறிந்தது. கார்பாக்சிலேட் ஈனிகள் (மேற்பரப்பு உலோக அணுக்களைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள்) போர்த்திய இக்கொத்துகள் முதலில் திரண்டு, பிறகு சூட்டில் சிதைந்து படிகங்களுக்கு மூலப்பொருளாகின்றன. லாமர் வளைகோட்டில் ஒரே ஒரு முகடுதான் உண்டு. இந்தக் கொத்துகளுக்கு அதில் இடமே இல்லை.