19 சென்டிமீட்டர்: ஏதென்ஸ் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025, ஏதென்ஸ்

காலையிலேயே பானதினைக்கோ ஸ்டேடியத்துக்குப் போய்விட்டேன். முதல் நவீன ஒலிம்பிக் 1896 ஏப்ரல் 6 அன்று தொடங்கிய இடம். கிரேக்கர்களின் அன்றைய காலண்டரில் அது மார்ச் 25, அவர்களுடைய சுதந்திர தினம். பள்ளியில் குண்டு எறிதல் போட்டிகளில் இறங்கியவன் நான். எந்த வெற்றியும் பெரிதாகக் கிடையாது, ஆனால் அந்த இரும்பின் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அந்தந்தப் போட்டியை அந்தந்தத் தேதியில் இங்கே உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

எங்கு பார்த்தாலும் பளிங்கு. வாசலில் ஜார்ஜியோஸ் அவெரோஃப் சிலை நிற்கிறது. அலெக்சாண்டிரியாவில் வியாபாரம் செய்து பெரும் பணக்காரரானவர். அவர் 9,20,000 டிராக்மா (அன்றைய கிரேக்க நாணயம்) கொடுத்திருக்காவிட்டால் இந்த மைதானம் எழுந்திருக்காது. அப்படியும் 1896-க்குள் பளிங்கு வேலை முடியவில்லை. ஒரு பகுதிக்கு மரப்பலகை போட்டு வெள்ளையடித்துச் சமாளித்தார்கள்.

இன்று வட்டு எறிதல் நடந்த நாள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் காரெட் 29.15 மீட்டர் எறிந்து ஜெயித்தார். ஊரில் கனமான வட்டை வைத்துப் பழகிவிட்டு, இங்கே வந்துதான் உண்மையான வட்டு எவ்வளவு லேசானது என்று பார்த்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. நல்ல கதைதான். ஆனால் அதன் நிழலில் மறுநாள் நடந்தது மறைந்துபோய்விட்டது. எனக்கு அந்த மறுநாள்தான் முக்கியம்.

ஏப்ரல் 7

இன்றுதான் குண்டு எறிதல்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். காரெட், பால்டிமோரின் வங்கிக் குடும்பத்துப் பையன், வயது 20. பிரின்ஸ்டன் தடகள அணியின் கேப்டன். உடன் வந்த தோழர்களுக்கும் பயணச் செலவைக் கொடுத்தவர். நியூயார்க்கிலிருந்து கப்பலில் நேப்பிள்ஸ், அங்கிருந்து ரயிலில் பிரிந்திசி, மறுபடி கப்பலில் பாத்ராஸ், அப்புறம் ரயிலில் ஏதென்ஸ். போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலைதான் வந்து சேர்ந்தார்கள். ஓய்வு என்று ஒன்றும் கிடைக்கவில்லை.

எதிரே மில்டியாடிஸ் கூஸ்கோஸ், ஜார்ஜியோஸ் பாபாசிடெரிஸ் என்ற இரண்டு கிரேக்கர்கள். டென்மார்க்கிலிருந்து விக்கோ ஜென்சன். இந்த ஜென்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது: அதே நாளில் இதே மைதானத்தில் இரு கைப் பளுதூக்குதலில் 111.5 கிலோ தூக்கி முதலிடம் பெற்றவர். ஒரு கைப் பளுதூக்குதலில் அவரை வென்ற லான்ஸ்டன் எலியட், பிரிட்டன் சார்பில் வந்தவர், பிறந்தது இந்தியாவில். காரெட்டும் அன்று சும்மா இல்லை. நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம் பிடித்தார். ஒரே நாளில் பத்து வேலை பார்க்கும் விளையாட்டுக்காரர்களின் காலம் அது.

குண்டின் எடை இன்று போலவே 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ. வட்டம்தான் கிடையாது. இரண்டு மீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டு, அதற்குள் நின்று எறியச் சொன்னார்கள்.

காரெட் 11.22 மீட்டர். கூஸ்கோஸ் 11.03. பாபாசிடெரிஸ் 10.36. ஜென்சன் நான்காவது.

முதல் நாள் வட்டு எறிதலில் கிரேக்க வீரர் பராஸ்கெவோபூலோஸ் தோற்றது 20 சென்டிமீட்டரில். மறுநாள் கூஸ்கோஸ் தோற்றது 19 சென்டிமீட்டரில். இரண்டு முறையும் அதே அமெரிக்க மாணவர். மைதானம் நிறைய உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கு என்னவோ கூஸ்கோஸ் பக்கம்தான் மனம் போகிறது. இரண்டாம் இடத்துக்கு வெண்கலப் பதக்கமும் லாரல் கிளையும் கொடுத்தார்கள் (வென்றவருக்கு வெள்ளியும் ஆலிவ் கிளையும்). மூன்றாம் இடத்துக்கு ஒன்றுமே இல்லை.

காவலாளி பார்க்காத நேரத்தில் பளிங்குப் படியின் அடியிலிருந்து காலடி வைத்து 11 மீட்டர் அளந்தேன். ரொம்பத் தூரமில்லை. கீழே ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 8

'11 மீட்டரா? எங்கள் ஊர்ப் பள்ளிப் பையன்களே எறிவார்களே' என்று நேற்றைய பதிவைப் படித்த நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. பள்ளிப் பையன்கள் எறிவது இதைவிட லேசான குண்டு.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அன்றைய உலகத்தின் தலைசிறந்த ஆட்கள் ஏதென்ஸுக்கு வரவில்லை. கனடாவின் ஜார்ஜ் கிரே 1893-லேயே 14.32 மீட்டர் எறிந்துவிட்டார். கைக்காசு போட்டுக் கடல் தாண்டி வர முடிந்தவர்கள்தான் வந்தார்கள். அதனால் காரெட்டின் வெற்றி குறைந்துவிடாது, அவர் வந்தார், எறிந்தார்.

முறையும் வேறு. இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிற, எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று சறுக்கிவரும் முறையைப் பேரி ஓ'பிரையன் 1950-களில்தான் கொண்டுவந்தார். முதன்முதலில் 60 அடியைக் கடந்தவரும் அவர்தான், 1954-ல். சுழன்று எறியும் முறை அதற்கும் பின்னால், 1970-களில். ரயான் க்ரௌசர் 2023-ல் 23.56 மீட்டர் எறிந்தார். காரெட்டின் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் இருப்பது மனித உடம்பின் வளர்ச்சி மட்டுமல்ல. காலை எங்கே வைப்பது, இடுப்பை எப்போது திருப்புவது என்று யோசித்து யோசித்துச் சேர்த்த அறிவு.

ஏப்ரல் 10

மாரத்தான் நடந்த தேதி. ஸ்பிரிடோன் லூயிஸ் இந்த மைதானத்துக்குள் ஓடிவந்து ஜெயித்தார். கிரேக்கர்களுக்குத் தடகளத்தில் கிடைத்த ஒரே முதலிடம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விடுகிறேன்.

ஏப்ரல் 13, ஒலிம்பியா

பஸ்ஸில் நீண்ட பயணம். பழங்கால ஒலிம்பிக் நடந்த இடம் இது. அந்தப் பழைய ஒலிம்பிக்கில் குண்டு எறிதலே கிடையாது, ஆனாலும் 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்தபோது குண்டு எறிதலை மட்டும் இங்கே கொண்டுவந்து நடத்தினார்கள். பார்த்தவர்கள் புல்மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களும் எறிந்தார்கள், பழங்காலத்தில் மணமான பெண்கள் உள்ளே வரவே கூடாது என்றிருந்த இடத்தில்.

ஆண்கள் போட்டியில் உக்ரைனின் யூரி பிலோனோகும் அமெரிக்காவின் ஆடம் நெல்சனும் ஒரே தூரம், 21.16 மீட்டர். நெல்சனின் மற்ற எறிகள் எல்லாம் ஃபவுல். இரண்டாவது சிறந்த எறியைப் பார்த்துப் பிலோனோகுக்குத் தங்கம் கொடுத்தார்கள். 2012-ல், 2004-ல் எடுத்துவைத்த அவருடைய மாதிரியை மறுபரிசோதனை செய்தபோது பிலோனோக் ஊக்கமருந்தில் பிடிபட்டார். தங்கம் நெல்சனுக்கு 2013-ல் வந்து சேர்ந்தது, அட்லாண்டா விமான நிலையத்தின் உணவுக்கூடத்தில். அவருக்கு ஒரு மைதானம் கிடைத்திருக்க வேண்டும்.

ராத்திரி காரெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்தேன். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். தகுதிச் சுற்றில் ஏதென்ஸில் எறிந்ததைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக எறிந்தார். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். மத நம்பிக்கை உள்ளவர், இறங்க மறுத்துவிட்டார். அதே காரணத்துக்காக இன்னொரு அமெரிக்கர் ஜோசையா மெக்ராக்கனும் இறங்கவில்லை. ரிச்சர்ட் ஷெல்டன் 14.10 எறிந்து ஜெயித்தார். தகுதிச் சுற்றுத் தூரத்தை வைத்தே மெக்ராக்கனுக்கு இரண்டாம் இடம், காரெட்டுக்கு மூன்றாம் இடம். வங்கி வேலைக்குப் போன பிறகு காரெட் உலகமெங்கும் கையெழுத்துச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1942-ல் அவை பிரின்ஸ்டன் நூலகத்துக்குப் போயின.